ஒளித்து வைத்த ரொட்டி

மாமா எங்கள் வீட்டில் இருக்கிறார் என்பதை யாரிடமும் சொல்லக்கூடாது. எட்டு வயதில் எனக்கிருந்த ஒரே பெரிய பொறுப்பு அதுதான். அம்மாவின் தம்பியான அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஊருக்குத் திருப்பி அனுப்பப் பொலிஸ் தேடியது. ஜெர்மன் நகரமான ஹனோவரில் எங்கள் வீட்டு மணி அடித்தால் மாமா அலுமாரிக்குள் போய்விடுவார்.

விஷயம் தெரிந்த ஒரே வெளியாள் மேல்மாடி அன்ரி, ரஷ்யாவிலிருந்து வந்த யூதப் பெண். அந்த வருடம் அவருடைய பாஸ்காப் பண்டிகையும் எங்கள் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்தன. எங்கள் மூன்று பேரையும் விருந்துக்குக் கூப்பிட்டார்.

"பெரிய வெள்ளியில, ஆண்டவர் செத்த நாளில, ஆரும் விருந்துக்குப் போவினமே?" என்றார் அம்மா.

"அக்கா, ஆண்டவர் கடைசியாச் சாப்பிட்டதே இந்தச் சாப்பாடுதான்" என்றார் மாமா. இயேசுவை ஏற்றுக்கொண்ட யூதர்களின் சபை ஒன்றுக்கு அவர் பதுங்கிப் பதுங்கிப் போய்வருவார்.

"வாறன். ஆனா ஒரு வாயும் வைக்கமாட்டன்" என்ற நிபந்தனையோடு அம்மா படியேறினார்.

மேசையில் மெழுகுதிரிகள், புளிக்காத ரொட்டி மூன்று. அன்ரி ஜெர்மனில் சொல்ல நான் தமிழில் சொன்னேன். எகிப்தில் அடிமைகளாக இருந்த யூதர்கள், மா புளிக்கும்வரை நிற்க நேரமில்லாமல் வெளிக்கிட்ட இரவின் ரொட்டி அது. நடு ரொட்டியை உடைத்து, ஒரு பாதியை வெள்ளைத் துணியில் சுற்றி, ஒளிக்கச் சொல்லி மாமாவிடம் கொடுத்தார். கண்டுபிடித்தால் எனக்குச் சொக்லேற். அதைத் தின்னாமல் விருந்து முடியாதாம்.

"உடைச்சு, துணியில சுத்தி, ஒளிச்சு, பிறகு எடுக்கிறது. இது ஆரெண்டு விளங்கேல்லையே அக்கா? எங்கட சபையில இயேசு எண்டுதான் சொல்லுவினம்."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். மாமா சொன்னதையும் நான் மொழிபெயர்த்தேன். அன்ரி சிரிக்கவில்லை.

"உங்கள் சபையில் அப்படியே இருக்கட்டும். என் மேசையில் அது ரொட்டி."

பிறகு வாசல் கதவைத் திறக்கச் சொன்னார். பசித்தவர் எவரும் வரலாம் என்று அழைப்பது வழக்கமாம். நான் திறந்தேன். கீழே எங்கள் வீட்டு மணி அடித்தது. அடுத்து, "பொலிஸ்!" என்ற குரல்.

"சாத்தடா!" என்றார் அம்மா கிசுகிசுப்பாக. மாமா பாதி எழும்பி அலுமாரியைத் தேடினார். அன்ரி அவர் தோளை அழுத்தி இருத்தினார்.

"கதவு திறந்தே இருக்கட்டும்."

இதை நான் தமிழில் சொன்னபோது, அம்மா என்னையே அடிப்பதுபோலப் பார்த்தார்.

சப்பாத்துகள் படியேறி வந்தன. வாசலில் இரண்டு பொலிஸ்காரர்.

"இன்று யூதர்களின் பாஸ்கா. பசியென்றால் உள்ளே வாருங்கள்" என்றார் அன்ரி.

மூத்தவர் மாமாவை நெடுநேரம் பார்த்தார். பிறகு மெழுகுதிரிகளை, ரொட்டியை, அன்ரியை. அவர் முகம் சிவந்தது. இளையவர் ஏதோ கேட்க வாய் திறக்க, மூத்தவர் அவரின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். தொப்பியைக் கழற்றி, "மன்னிக்கவும்" என்றுவிட்டு இறங்கிப் போனார்.

அவர்களின் கார் போனதும் மாமா பின்முற்றத்தால் வெளிக்கிட்டார், பிரான்சுக்கு. அம்மாவின் தலையைத் தடவ மட்டும்தான் நேரமிருந்தது. நான் மேசைக்கடியில், திரைச்சீலைக்குப் பின்னால், பியானோவுக்குள் எல்லாம் தேடினேன். அப்போதுதான் உறைத்தது.

"மாமா ரொட்டியை ஜக்கெற் பொக்கற்றுக்குள்ள கொண்டு போயிட்டார்!"

"அவசரமாகப் போகிறவர்களின் ரொட்டிதானே" என்று அன்ரி எனக்குச் சொக்லேற்றை நீட்டினார். கண்டுபிடிக்காத பரிசு வேண்டாமென்று அழுதேன். அம்மா, காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத அம்மா, மாமா கொண்டுபோன ரொட்டியின் மற்றப் பாதியை எடுத்து, ஒரு துண்டை உடைத்து வாயில் வைத்தார்.

ஒருகாலத்தில் ஜெர்மன் பொலிஸ் யூதர்களை இப்படித்தான் வீடு வீடாகத் தேடியது என்று எனக்கு அப்போது தெரியாது. பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றியது மெழுகுதிரிகளுக்காக என்றும், அம்மாவுக்குப் பசி தாங்க ஏலாமல் போய்விட்டது என்றும்தான் அன்று நினைத்துக்கொண்டேன்.