எருமை தண்ணி குடிச்ச படகு

எனக்கு நீச்சல் தெரியாது. இருந்தும் எழுபதுகள்ல எங்க ஊர்க் கண்மாயில மீன் பிடிக்கக் குத்தகை எடுத்துட்டேன். என் வசதிக்குப் பழைய படகுதான். அது ஒழுகுனா நான் அவ்வளவுதான்.

சோழவந்தான் பக்கம் ஒருத்தர்கிட்ட இருக்குன்னு மச்சானோட போனேன். வைகை காஞ்சு கிடந்த கோடை. ஓட்டிப் பார்க்க வழியில்ல. வீட்டுக்குப் பின்னால எருமை ஒண்ணு தொட்டியில கழனித்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"படகு எங்கண்ணே?"

"எருமை குடிக்குதுல்ல, அதான்."

எனக்கு மனசு விட்டுப்போச்சு. செல்லூர்ல பச்சைப் பெயிண்டு அடிச்ச படகு ஒண்ணு பார்த்திருந்தேன். அதையே வாங்குவோம்னு திரும்புனேன்.

"போறதுன்னா போங்க. அடியில கையை விட்டுப் பாத்துட்டுப் போங்க."

கல்லு மேல இருந்த படகுக்கு அடியில கையை விட்டேன். ஈரமே இல்ல. உள்ள நிக்கிற தண்ணி வெளிய வரலேன்னா வெளித்தண்ணி எப்படி உள்ள வரும்? விலை பேசி முடிச்சோம்.

அவர் சம்சாரம் வந்து நின்னுச்சு. "படகைக் கொண்டு போயிட்டா எருமை எதுல குடிக்கும்?"

"எருமைகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுரு மாப்ள"ன்னாரு மச்சான்.

சிம்மக்கல் போயி சிமெண்டுத் தொட்டி வாங்கி வண்டியில ஏத்திட்டு வந்தேன். எருமை அதுல வாய வச்ச பெறகுதான் படகை விட்டாக.

மழைக்குக் கண்மாய் நெறஞ்சுச்சு. நடு ஆழத்துக்குப் போனேன். சொட்டு ஒழுகல. கழனித்தண்ணி வாடைதான் போகல. மச்சான் மூக்கைப் பொத்துவாரு. எனக்கு அந்த வாடை வந்தாத்தான் தைரியம்.