அக்னி மூலை

செண்பகம் கதவை இழுத்துத் திறந்தாள். கதவுக்குப் பின்னால் சுவர் இருந்தது.

அவள் நிற்பதற்குள் அடுத்தவள் வந்து முதுகில் மோதினாள். அவள்மேல் இன்னொருத்தி. தீயணைப்பு ஒத்திகைக்காக ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில் விளக்குகளை அணைத்திருந்தார்கள். கதவுக்கு மேலிருந்த பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அபாய மணி அடித்துக்கொண்டிருந்ததால் முன்னால் எழுந்த அலறல் பின்னால் கேட்கவில்லை. புடவைப் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் அந்த மூலைக்கே வந்து நெருக்கினார்கள்.

"மணிய நிறுத்துங்க! லைட்டப் போடுங்க!" என்று கத்தினார் மணிமொழி.

வெளிச்சம் வந்தது. பூசாத செங்கல் சுவர். செண்பகம் தரையில் உட்கார்ந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மணிமொழி தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலர். தியாகராய நகர்க் கடைகளை ஆய்வு செய்வதும் ஊழியர்களுக்கு ஒத்திகை நடத்துவதும் அவர் வேலை. வீடு மேற்கு மாம்பலத்தில். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் உட்காருமுன் மண்டபத்தின் பின்வாசல் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். "பொண்ணு மாப்பிள்ளையப் பாக்க வந்தியா, பூட்டப் பாக்க வந்தியா?" என்பார் கணவர் புகழேந்தி. இந்தக் கதவை மட்டும் மணிமொழி திறந்து பார்க்கவில்லை. வரைபடத்தில் அதன் பின்னால் படிக்கட்டு இருந்தது. காலையில் பெண்களை நிற்கவைத்து, புகை வந்தால் லிஃப்டைத் தேடாதீர்கள், பச்சை விளக்கைப் பார்த்து ஓடுங்கள் என்று கையை நீட்டிக் காட்டினார். கடை மேலாளர் சிதம்பரநாதன் அப்போது பக்கத்தில்தான் நின்றார்.

"எப்பக் கட்டினீங்க?" என்று அவரைக் கேட்டார் மணிமொழி.

"போன ஆடியில, மேடம். வாஸ்துக்காரர் வந்து பார்த்தாரு. அக்னி மூலையில வாசல் இருந்தா கடை தீப்பிடிக்கும்னாரு. தீ வரக் கூடாதுன்னுதானே அடைச்சோம்?"

உண்மையாகவே சொன்னார். முகத்தில் லேசான பெருமைகூட இருந்தது.

"நான் சொல்லிக்குடுத்தப்ப வாயத் திறந்திருக்கலாமே?"

"ஒத்திகைதானே மேடம்னு விட்டுட்டேன்."

மணிமொழி அவரை விட்டுத் திரும்பினார். செண்பகத்தின் பக்கத்தில் குந்தினார். மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது.

"செவுரு இருக்கறது உனக்கும் தெரியாதாம்மா?"

"தெரியும்க்கா. செங்கல் ஏத்துறப்ப நாங்கதான் புடவையெல்லாம் ஒதுக்கி வெச்சோம்."

"அப்புறம் ஏன் இங்க ஓடி வந்த?"

"நீங்கதானேக்கா கை காட்டி ஓடச் சொன்னீங்க? நீங்க சொல்றீங்கன்னா இடிச்சிருப்பாங்கன்னு நெனச்சோம்."

பின்னால் நின்ற ஒருத்தி, "கவர்மெண்ட்டு கை காட்னா செவுரு பூடும்னு பாத்தா, இவ கைதான் பூடுச்சு," என்றாள். சிரித்தார்கள். வலியோடு செண்பகமும் சிரித்தாள்.

மணிமொழி சுவரைப் பார்த்தார். நிஜப் புகையாக இருந்தாலும் இவர்கள் இதே மூலைக்குத்தான் வந்திருப்பார்கள். அவர் காட்டிய இடத்துக்கு.

மறுநாள், சுவரை இடிக்கும்வரை மூன்றாம் மாடியை மூடச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கப்பட்டது. கொத்தனார்கள் இருவர் வந்தார்கள். ராகு காலம் கழியட்டும் என்றார் சிதம்பரநாதன். மணிமொழி ஒத்துக்கொள்ளவில்லை. மதியத்துக்குள் சுவரை இடித்துவிட்டார்கள். படிக்கட்டு தூசியோடு அப்படியே இருந்தது. செண்பகம் மாவுக்கட்டுடன் வேலைக்கு வந்திருந்தாள். இந்த முறை பெண்கள் வரிசையாக அந்தப் படிகளில் இறங்கிக் கடையின் பின்சந்துக்கு வந்தார்கள். டீ குடித்தார்கள். முன்வாசல் வழியாகத் திரும்ப உள்ளே போனார்கள்.