டியர் பக்கிரிசாமி

லோகேஸ்வரி தினமும் கிள்ளானிலிருந்து ரயிலேறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு நடந்து வருவாள். வயது முப்பத்தெட்டு. அப்பா இறந்த நாலாவது நாளே வேலைக்கு வந்து நின்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"லீவ் போட்டுட்டு வீட்ல உக்காந்து அழு லா, லோகா."

"அழுகை வரல, ஆட்ரி. வீட்ல சும்மா உக்காந்து என்ன பண்றது?" என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

கிளினிக்குகளுக்காக நோயாளிகளுக்கு அப்பாயின்மெண்ட் மெசேஜ் அனுப்புவது எங்கள் தொழில். நான் போன் எடுப்பவள். அவள் புரோகிராம் எழுதுபவள். இப்போதெல்லாம் புரோகிராமை ஏஐ எழுதுகிறது, அதைக் கட்டி மேய்ப்பதுதான் இவள் வேலை. அந்த ஏஐக்கு 'ஸ்கில்' என்று சின்னச் சின்னக் குறிப்புகள் உண்டு. இன்ன வேலை வந்தால் இப்படிச் செய் என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள். இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கும். நல்லதைத் தேடிச் சேர்ப்பதும் வேண்டாததை நீக்குவதும் லோகாவின் பொறுப்பு. எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காமல் சேர்க்க மாட்டாள். பாசாரில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற ஆள் என்று கேலி செய்வேன்.

அந்த வாரம் மேனேஜர் வந்து, அறுபத்தொரு ஸ்கில் சேர்ந்துவிட்டது, பாதியாகக் குறை என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரே வேலைக்கு இரண்டு ஸ்கில் இருந்தால் ஏஐ எதை எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. லோகா ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டாள். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணை மட்டும் பார்த்தாள். பெரிய எண் தங்கியது, சின்ன எண் போனது.

போனதில் ஒன்று அவளே எழுதியது. நம் ஊர்ப் பெயர்களுக்கானது. எங்கள் ஆபீசைத் தவிர அதை யாரும் பயன்படுத்தியதில்லை. அவள் அடையாள அட்டையில், அதுதான் ஐசியில், 'லோகேஸ்வரி ஏ/பி பக்கிரிசாமி' என்று இருக்கும், அதாவது பக்கிரிசாமியின் மகள் லோகேஸ்வரி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னால் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்று எழுதியிருந்தாள். அதற்குப் பதிலாகத் தங்கியது வெளிநாட்டுச் சரக்கு. கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர், மரியாதையாக அதைச் சொல்லிக் கூப்பிடு என்றது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கே என் போன் அலற ஆரம்பித்தது.

"யாரும்மா பேசறது? நான் கிள்ளான் நல்லம்மாள். வீராசாமிய கண்ணு டெஸ்டுக்கு வரச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கீங்க."

"ஆமா ஆன்டி, நாளைக்கு..."

"அது எங்கப்பா. செத்து முப்பத்தெட்டு வருஷமாச்சு. எங்கேருந்து கூட்டிட்டு வரச் சொல்றீங்க?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதற்கப்புறம் வந்த அழைப்புகளில் யாரும் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் எழுபது பேர். சிலர் திட்டினார்கள். ஒருவர் அப்பாவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மேனேஜர் லோகாவின் மேசைக்கு வந்தார். ஊருக்கெல்லாம் அனுப்பும் முன் சோதனைக்கு ஒரு மெசேஜ், அவளையே நோயாளியாக வைத்து, அவள் போனுக்கு வரும். அவள் பார்த்து ஓகே அழுத்தினால்தான் மற்றவை போகும்.

"டெஸ்ட் மெசேஜ் வரலையா?"

"வந்துச்சு, பாஸ். பார்த்துட்டு ஓகே போட்டேன்." போனை நீட்டினாள். 'டியர் பக்கிரிசாமி, நாளை காலை 10.30க்கு உங்கள் அப்பாயின்மெண்ட்.'

"இது தப்புன்னு தெரியலையா?"

"தெரியல" என்றாள். ரயில் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "அப்பாகிட்ட பட்டன் போன். மூணு வருஷமா அவரோட டயாலிசிஸ் மெசேஜெல்லாம் எனக்குத்தான் வரும். டியர் பக்கிரிசாமின்னு இருக்கும். ஓகே போடுவேன், லீவ் கேப்பேன், கூட்டிட்டுப் போவேன். இன்னைக்கு ரயில்ல வந்துச்சு. ஓகே போட்டேன். நாளைக்கு லீவ் எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சிட்டே வந்தேன்."

மேனேஜர் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "சரி, முதல்ல சரி பண்ணும்மா" என்று போய்விட்டார். வேலை போய்விடுமோ என்ற பயம்கூட அவள் முகத்தில் இல்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது. இவள் இப்படியே மரத்துப்போய்விடுவாளோ என்று.

வெளிநாட்டு ஸ்கில்லை நீக்கிவிட்டு, தன்னுடையதைப் பழைய பிரதியிலிருந்து எடுத்தாள். இந்தத் தடவை முதல் வரியிலிருந்து படித்தாள். நானும் கூடவே படித்தேன். கடைசியில் ஓர் உதாரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் விளையாட்டாக எழுதியது. 'லோகேஸ்வரி ஏ/பி பக்கிரிசாமி என்று இருந்தால் மெசேஜ் லோகேஸ்வரிக்கு. பக்கிரிசாமி அவள் அப்பா. அவரைத் தொந்தரவு செய்யாதே.'

ஏஐ திருத்தி முடித்தது. எல்லோருக்கும் மன்னிப்பு மெசேஜ் தயார். அவள் போனில் சோதனை மெசேஜ் வந்து விழுந்தது. 'டியர் லோகேஸ்வரி.'

அவள் ஓகே அழுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரியா வந்திருக்கா, லோகா?"

"சரியாத்தான் வந்திருக்கு." போனை மேசைமேல் வைத்தாள். "இனிமே இப்படித்தான் வரும், இல்ல ஆட்ரி?"

"ஆமா லோகா."

அப்போதுதான் அழுதாள். ஓகேவை நான்தான் அழுத்தினேன்.