சேங்கொட்டைத் தழும்பு

யுத்த காலம். என் வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய் அம்மைப்பால் குத்தும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். ரத்தத்தைக் கண்டால் அவருக்கே தலை சுற்றும். குழந்தை வீறிட்டால் முதலில் கலங்குவது அவர் கண்தான். இந்த மனுஷருக்குப் போய் இந்த வேலையைக் கொடுத்தார்களே என்று நான் கேலி செய்யாத நாளில்லை.

அந்தப் பங்குனியில் மணமேல்குடிப் பக்கம் ஒரு ஊருக்குப் போனார். அங்கே மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டின ஊரில் பிள்ளைகள் உடம்பில் ஊசி பட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று பெண்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள். இவர் இளகிவிட்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் குத்தியாயிற்று என்று பதிவேட்டில் எழுதி, அவர்கள் கொடுத்த கருவாட்டு மூட்டையோடு வீடு வந்தார். நடந்ததைச் சொன்னார். நான் திட்டினேன். திட்டிக்கொண்டே கருவாட்டை வறுத்தேன். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

குத்தின இடத்தில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க மேலதிகாரி அந்த ஊருக்கு வருவதாக இரண்டு வாரம் முன்பே கடிதம் வந்தது. இவர் ஓடிப்போய் ஊர்த் தலைவரான அம்பலகாரரிடம், "என் வேலை போச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். சோதனையன்று பார்த்தால் வரிசையாக நின்ற பிள்ளைகள் எல்லோருடைய கையிலும் இரண்டிரண்டு தழும்பு. அதிகாரி தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இவர் திகைத்து நின்றிருக்கிறார். அம்பலகாரர் சிரித்தாராம்.

"ஒங்க பொழப்புல மண் விழ விட்ருவமா? துணிக்குக் குறி போடுற சேங்கொட்டைய உரசி, ஆளுக்கு ரெண்டு பொட்டு வச்சோம். புள்ளைக மூணு நாளு எரிச்சல்ல தூங்கல. அவ்வளவுதான்."

அன்று இவர் சோற்றைத் தொடவில்லை. "நம்மள காப்பாத்தத்தான் அந்தச் சின்னக் கையெல்லாம் சுட்டிருக்காங்க. அம்மை வந்தா ஒண்ணையாவது அது காப்பாத்துமா?" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

"நடந்ததை அப்படியே மேல எழுதிப் போடுங்க. வேலை போனா போவுது. திருவிழாதான் முடிஞ்சிருச்சே, நாளைக்கே அம்மைப்பால எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. நானும் வாரேன்."

எழுதிப் போட்டார். பதில் வரும்வரை காத்திராமல் இருவரும் வண்டி கட்டிப் போனோம். இந்தத் தடவை பெண்கள் தடுக்கவில்லை. முதலில் வந்தது நாலு வயதுப் பெண் ஒருத்தி. சேங்கொட்டை வைத்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள்.

"இதும் அது மாதிரி எரியுமா?"

என் வீட்டுக்காரர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கொஞ்சம் எரியும் தாயி" என்றார்.

அந்த ஊரில் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவரை எனக்கு அவ்வளவு பிடித்தது அன்றைக்குத்தான்.