ஏழுமலையின் முறை

பம்ப் சரி. பைப்லைனில் ஒரு சொட்டு லீக் இல்லை. ஆனாலும் கடைசிப் பாத்திகளில் கீரை வாடிக் கிடந்தது. திருவேற்காட்டைத் தாண்டி, வீட்டுமனைகளுக்கு நடுவே மிச்சமிருந்த கொஞ்சம் நிலத்துக்கான கூட்டு போர்வெல் திட்டம் அது. ஏற்றுகிற தண்ணீர் பயிருக்குப் போய்ச் சேருகிறதா என்று மதிப்பிடுவது என் வேலை. சேரவில்லை என்று முதல் நாளே ஃப்ளோ மீட்டர் சொல்லிவிட்டது. எங்கே போகிறது என்பதை மட்டும் வால்வு திறக்கும் முனுசாமி சொல்லவில்லை. மழுப்பினால் எனக்குப் பொறுக்காது. மறுநாள் அவர் பின்னாலேயே நடந்தேன்.

அங்கே ஒரு வழக்கம். ஒருவர் முறை முடிந்ததும் முனுசாமி அடுத்தவர் பெயரைக் கூப்பிடுவார். "வுடு" என்றால் அவருக்குத் திறப்பார். "போதும்" என்றால் தண்ணீர் அடுத்தவருக்குப் போகும். அதை முறைக்காரரோ அவர் வீட்டாரோதான் சொல்ல வேண்டும்.

நல்ல வெயில். ஒரு ஷீட் வீட்டின் பின்சுவரைப் பார்த்து முனுசாமி கூப்பிட்டார்.

"ஏழுமலை, தண்ணி வருது."

பதில் இல்லை. "போதும்" என்று யாரும் சொல்லாததால் திறந்தார். அங்கே பயிரே இல்லை. கொட்டிய தண்ணீர் தேங்கவும் இல்லை. சுவரோரமாக மண்ணுக்குள் மடக் மடக்கென்று இறங்கியது.

"யாருங்க ஏழுமலை?"

"இங்க கெணறு இருந்திச்சு மேடம். தூர் வார எறங்கினான். மண்ணு சரிஞ்சிடுச்சு. ஒடம்பு கெடைக்கல. அப்டியே மூடிட்டோம். உள்ளதான் கீறான். அவன் முறைல எவன் கை வைப்பான்?"

வீட்டுக்குள் ஏழுமலையின் மனைவி கன்னியம்மா தரையில் காதை வைத்துப் படுத்திருந்தார்.

"குடிக்கிறாரு. நீயே கேளும்மா."

குனிந்தேன். கேட்டது. பின்சுவர் விரிசலில் என் விரல் முழுதாக நுழைந்தது. உள்ளிருந்து ஈரக்காற்று வந்தது.

"மூடின மண்ணு கரையுதும்மா. இப்படியே விட்டா வீடு உள்ள போயிடும், உங்களோட சேர்ந்து."

"போனா அவராண்டதானே போறேன்."

அதிகாரி தோரணையில் மிரட்டிப் பார்த்தேன். முனுசாமியும் மசியவில்லை, அந்த அம்மாவும் மசியவில்லை. காய்ந்த பாத்திகள் கன்னியம்மாவின் மகளுடையவை என்று பிறகுதான் தெரிந்தது. திரும்பப் போய், "உங்க பொண்ணு கீரை கருகுதும்மா. அப்பா போயிட்டாரு, அம்மாவும் போகணுமா?" என்றேன்.

மறுநாள் முனுசாமி கூப்பிட்டதும் வாசலிலிருந்து குரல் வந்தது.

"அவருக்குப் போதும். எம் பொண்ணுக்கு வுடு."

முனுசாமி வால்வைத் திருப்பினார். கீரைப் பாத்தி நனைந்தது. வீட்டைக் காலி செய்து, கன்னியம்மாவின் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டு முடிப்பதற்குள் பின்சுவர் அப்படியே பூமிக்குள் இறங்கியது. யாருக்கும் அடியில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தண்ணீரை அளப்பதற்கு முன் முறை யாருக்கு என்று கேளுங்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

அன்று பள்ளத்தின் ஓரம் நின்று, ஏழுமலை பக்கத்துக் குழாயின் மீட்டரைப் பார்த்தேன். பூஜ்யம். ஆனால் உள்ளே மடக் மடக்கென்ற சத்தம் நிற்கவில்லை. கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போதும்னு நான்தாம்மா பொய் சொன்னேன்."