குடையாத மலை

மதியம் சாப்பிட்டு முடித்ததும் எங்கள் அலுவலகத்தில் விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். மேசைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டிலை உருவி விரித்து, கண்ணுக்குத் துணிப்பட்டை கட்டிக்கொண்டு ஆளாளுக்கு உறங்கிப்போகிறார்கள். எங்கள் தலைவர் குறட்டை விடுகிறார். போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பெண்ணும் குறட்டை விடுகிறாள். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சீனாக்காரன் தூங்காமல் உழைத்து நம்மை முந்திவிட்டான் என்று நம் ஊர்த் தொலைக்காட்சியில் நான்கு பேர் கத்துவார்களே, அவர்களை ஒருநாள் மதியம் இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு மட்டும் அந்த நேரத்தில் முழுத் தூக்கம் வராது. அரைக் கண்ணில் ஊர் வரும். போடி பஸ் நிலையத்தில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் கடந்துபோகும், அந்த வாசம்கூட வரும். விளக்கு எரிந்ததும் எல்லாம் போய்விடும்.

நான் வேலை பார்ப்பது தெற்குச் சீனாவில் ஒரு மலைக்கு உள்ளே. சாய்வான சுரங்கத்தில் சின்ன ரயில் போல ஒரு வண்டி எங்களைக் கீழே இறக்கும். அங்கே நாங்கள் தேடுவது நியூட்ரினோ என்னும் துகளை. அது நம் உடம்பு, வீடு, மலை எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதில் ஒன்றிரண்டையாவது கண்டுகொள்ள வேண்டுமானால் வானத்திலிருந்து விழும் மற்ற துகள்களின் தொந்தரவு இருக்கக்கூடாது. அதற்காகத்தான் தலைக்கு மேல் ஒரு மலை வேண்டியிருக்கிறது. தேனிப் பக்கத்து ஆட்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. எனக்குப் பொட்டிபுரம்தான் ஊர். எங்கள் மலையையும் இதே ஆராய்ச்சிக்காகத்தான் அரசாங்கம் கேட்டது. தரமாட்டோம் என்று சாலையில் போய் உட்கார்ந்தவர்களில் என் அய்யா முன்வரிசை.

அப்போது நான் மதுரையில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலைக்குள், தான் படித்த படிப்புக்கே வேலை வரப்போகிறது என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் கால் தரையில் பாவும்! சனிக்கிழமை ஊருக்கு வந்ததும் அய்யாவோடு சண்டை. காகிதத்தில் படம் போட்டெல்லாம் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கல்லக் குடைஞ்சா தண்ணி வேற பக்கம் ஓடிப்போகும்த்தா. கெணறு வத்துனா உன் துகளையா மொண்டு குடிக்கிறது?” என்பார். அம்மாவுக்கு இதெல்லாம் சலித்துப்போனது. “ரெண்டு பேரும் வெரசாச் சோத்தத் தின்னுட்டு, அப்பறம் மல்லுக்கட்டுங்க” என்பாள். அய்யா விவரம் தெரியாதவர் இல்லை. பாறையும் கிணறும் அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவை. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.

எங்கள் மலையைப் பற்றிய பேச்சு மனு, வழக்கு, கூட்டம் என்று இழுத்துக்கொண்டே கிடந்தது. இங்கே ஆரம்பித்தார்கள், முடித்தார்கள், வேலைக்கு வெளிநாட்டு ஆட்களையும் கூப்பிட்டார்கள். நான் விண்ணப்பம் போட்டேன். ஊரில் அய்யா யார் கேட்டாலும், “மக சிங்கப்பூர்ல இருக்கா” என்று சொல்லிவைத்தார். எல்லையில் நம் சிப்பாய்களும் அவர்கள் சிப்பாய்களும் முறைத்துக்கொண்டு நின்ற காலம் அது. டீக்கடையில் பிள்ளையைப் பற்றி வம்பு வளரக்கூடாது என்பது அவர் கவலை. அவர்கள் செயலியை நம் அரசு தடுத்தது, நம் ஆட்கள் பேசும் செயலி இங்கே ஏற்கெனவே எடுக்காது. இரண்டு பெரிய நாடுகள் போட்டி போட்டதில் என் அய்யாவின் முகத்தை நான் மாதக்கணக்கில் பார்க்க முடியாமல் போனது. வெறும் குரல் மட்டும், அதுவும் விட்டுவிட்டுக் கேட்கும்.

இந்த முறை விடுமுறைக்கு முன்னால் அந்தக் குரல் என்னிடம் ஒரு விஷயம் கேட்டது. “ஏத்தா, அந்த மலையடியில வெள்ளாம பாக்குற சம்சாரிக இருக்காகளா? கெணறு கிடக்கா? அதுல தண்ணி நிக்கிதான்னு பாத்துட்டு வந்து சொல்லு.” இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

மலையடியில் லிச்சிப் பழத் தோட்டம் வைத்திருக்கும் ஜோவ் என்ற பெரியவரைத் தேடிப் போனேன். என் அரைகுறைச் சீனத்தில் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். எனக்குத் தாகம் என்று நினைத்துக்கொண்டு மனிதர் உள்ளே ஓடிப்போய்க் கண்ணாடிக் குவளையில் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். அதைக் குடித்துவிட்டு மறுபடி கேட்டேன். பசியோடு அலைகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பழக்கூடையைத் தூக்கி முன்னால் வைத்தார். கடைசியில் நானே கிணற்றடிக்குப் போய்ச் சுட்டிக்காட்டினேன். அவர் பெரிதாகச் சிரித்து, மூடியிருந்த பலகையை நகர்த்தினார். தண்ணீர் நின்றது. வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டதால் இதை யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்றார். மலையைக் குடையும் முன் உங்களைக் கேட்டார்களா என்றேன். அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தார்கள், வாசித்தோம் என்றார். அத்தனையையும் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

குரங்கணிக்கு மேலே அய்யாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும், ஓடையோரம் நாலு வரிசை ஏலமும் உண்டு. ஊருக்கு வந்த மறுநாள் அவரோடு ஜீப்பில் ஏறிப் போனேன். மூட்டம் இறங்கி, பக்கத்துச் செடிகூட இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருந்தது. எந்த நாட்டில் நிற்கிறேன் என்று ஒரு கணம் மறந்தேபோனேன். ஒரு பாறையில் உட்கார்ந்து படத்தைக் காட்டினேன். அய்யா கண்ணை இடுக்கிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

“தண்ணி நிக்கிது” என்றார்.

“ஆமாய்யா.”

“அந்தாளுகிட்ட யாரும் ரோசன கேக்கலயாக்கும்?”

“இல்ல. எழுதி வச்சாங்களாம்.”

“என்கிட்டயும் எவனும் கேக்கல. நானாப் போயி உக்காந்து சொன்னேன்.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. பிறகு அது மெல்ல வடிந்தது. “அப்ப, அன்னைக்கி நான் பயந்தது வெத்துப் பயமாத்தா?”

ஆமாம் என்று சொல்லி ஜெயித்துவிடலாம். எத்தனை வருஷச் சண்டை! ஆனால் அவர் குரலைக் கேட்ட பிறகு அதற்கு மனம் வரவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. “அது அந்த ஊர்ப் பாறைய்யா. ஒரே ஒரு கெணத்தப் பாத்துட்டு நம்ம ஊர்க் கெணத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நெசமாவே தெரியாது.”

“இம்புட்டுப் படிச்சும் தெரியாதா?” என்று லேசாகச் சிரித்தார். அதற்குப் பிறகு ஏலச் செடிகளைப் பார்க்க எழுந்து போய்விட்டார். திரும்பும்போது போடி வரைக்கும் நான்தான் பேச்சுக் கொடுத்தேன். சீனாவில் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு புது ரயில் பாதை முளைத்திருக்கிறது, நம் போடிக்குப் போன ரயில் திரும்பிவர எத்தனை வருஷம் ஆனது என்று ஏதேதோ பேசிப் பார்த்தேன். உம் கொட்டினார், அவ்வளவுதான்.

ஊர் விலக்கில் பஸ்சை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தோம். எதிரே எங்கள் மலை, மஞ்சள் வெயிலில் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் முழுசாக நின்றது. அதைப் பார்க்க எனக்கு அப்படியொரு நிம்மதி. அய்யாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் என் கண் மட்டும் சும்மா இல்லாமல் மலையடியில் துழாவிக்கொண்டிருந்தது.

“என்னத்தத் தேடுற?”

“ஒண்ணுமில்லய்யா. சொரங்கத்துக்கு வாசல் எங்கன வச்சிருப்பாகன்னு பாத்தேன்.”

அய்யா யோசிக்கவே இல்லை. கை தானாக நீண்டது. “அந்தா, ஒத்தப் பனை தெரியுதுல்ல, அதுக்கு நேரா. காலை வெயில் நல்லா விழுகுற எடம். நீ சாப்பாட்டு வாளியத் தூக்கிட்டு உள்ள போறது நம்ம வீட்டுல இருந்தே தெரிஞ்சிருக்கும்.”