கேபிளில் ஒட்டிய நம்பர்

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் எல்லோரும் சீரியல்காரர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அவர் டிவியில் நடிக்கிறார் என்று நினைத்து, எந்தச் சேனல் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த மூஞ்சிக்கு அழுகிற மாமனார் வேஷம்கூடக் கிடைக்காது என்று நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். அப்படிச் சிரித்த காலமும் ஒன்று இருந்தது.

அவர் வேலை வேறு. ரத்தம் பரிசோதிக்கும் லேப்களில் பழைய இயந்திரங்கள் இருக்கும். மாடு மாதிரி உழைக்கும். ஆனால் கம்ப்யூட்டரோடு பேச அவற்றுக்கு இருக்கும் ஒரே வழி, முதுகில் இருக்கும் ஒன்பது ஊசி சீரியல் போர்ட்தான். இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அது கிடையாது, யுஎஸ்பி மட்டும்தான். அதனால் இரண்டுக்கும் நடுவே முழ நீளத்தில் ஒரு கேபிள் போட வேண்டும். அதன் தலைக்குள் நகம் அளவுக்கு ஒரு சிப். அந்தச் சிப்பைக் கம்ப்யூட்டர் அடையாளம் தெரிந்துகொள்ள, டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள்.

கேபிளை மாட்டி டிரைவரை ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிற ஆள் இல்லை அவர். இயந்திரம் துப்பும் காகிதச் சீட்டையும் திரையையும் விரலால் தொட்டுத் தொட்டு இருபது ரிசல்ட் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுவார். "ஒரு புள்ளி தள்ளி விழுந்தா யாருக்கோ தப்பான மருந்து போயிடும்" என்பார். லேப் பெண்கள் கேலி செய்வார்கள். ஆனாலும் வேறு ஆளைக் கூப்பிட மாட்டார்கள்.

எங்களுக்குக் கடையோ பெயர்ப்பலகையோ கிடையாது. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். எங்கள் போன் நம்பரைச் சின்னத் துண்டுக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு கேபிளிலும் டேப் சுற்றி ஒட்டுவது என் வேலை. பதினான்கு லேப்களில் அந்த நம்பர் தொங்கியது. எங்கள் பெயர், மானம், சோறு எல்லாம் அந்தத் துண்டுக் காகிதம்தான்.

கேபிள்களை வாங்கித் தந்தது என் தம்பி. கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறான். பேச்சில் எமகாதகன். "ஒரிஜினல் சிப்பு மாமா, கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்பான். ரசீது கேட்டால், "நமக்குள்ள என்ன மாமா ரசீது?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வான். இருபது ரிசல்ட் ஒப்பிட்டுப் பார்க்கிற மனிதர், மச்சினன் விஷயத்தில் மட்டும் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார். உறவென்றால் அப்படித்தான் என்று நானும் பூரித்துப்போயிருந்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு திங்கட்கிழமை காலை பெரிய ஆஸ்பத்திரி லேப்பிலிருந்து போன் வந்தது. இயந்திரம் ஓடுகிறது, ரிசல்ட் கம்ப்யூட்டருக்கு வரவில்லை. கைவசம் இருந்த ஏழு புதுக் கேபிள்களையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. கேபிள் சரியில்லையா, கம்ப்யூட்டர் சரியில்லையா என்று தெரிய வேண்டுமே. ஏழையும் அதே கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். கடைசியில், பக்கத்து அறையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சிறுநீர் பரிசோதிக்கும் இயந்திரத்தின் கேபிளையும் உருவி வந்து மாட்டிப் பார்த்தார். அதுவும் எடுக்கவில்லை. திரும்பக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் செருகினார். அங்கேயும் எடுக்கவில்லை.

லேப் டாக்டரம்மா கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருந்ததையும் கெடுத்துட்டீங்களே" என்றார். அதற்குள் இன்னும் ஒன்பது லேப்களிலிருந்து போன்.

மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் திரைமுன் உட்கார்ந்தவர், சாயங்காலம்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு சிப்புக்குள்ளும் அடையாளத்துக்கு ஒரு எண் இருக்குமாம். சிப் செய்யும் கம்பெனியின் எண்ணைத் திருடிப் போலிச் சிப்புகள் எக்கச்சக்கமாகச் சந்தைக்கு வந்துவிட்டன. கம்பெனிக்குக் கோபம். புது டிரைவர் ஒன்றைச் செய்து, தானாகவே எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் போய் உட்காரும்படி அனுப்பிவிட்டது. போலிச் சிப்பு மாட்டினால் அந்த டிரைவர் அதன் எண்ணை அழித்துப் பூஜ்யம் என்று எழுதிவிடும். அப்புறம் எந்தக் கம்ப்யூட்டரும் அதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாது.

"அப்படின்னா அந்த ஏழையும்..."

"அந்த டிரைவர்கிட்ட என் கையால ஒவ்வொண்ணா கொண்டுபோய்க் குடுத்திருக்கேன்" என்றார். "பக்கத்து ரூம் கம்ப்யூட்டருக்கு அது இன்னும் வரலை. அங்க ஓடிக்கிட்டிருந்ததையும்."

போலி செய்தவன் எங்கேயோ சொகுசாக இருக்கிறான். விற்றவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தெரியாமல் வாங்கி மாட்டியவன் தலையில் இடி. அந்தக் கம்பெனிக்காரன் ரோஷம் போய் விழுந்தது எங்கள் வீட்டுச் சோற்றுப்பானையில்.

தம்பியைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். "எல்லாரும் அதைத்தான்க்கா விக்கிறாங்க. நான் மட்டும் ஒரிஜினல் வித்தா கடையை மூட வேண்டியதுதான்" என்றான். அப்புறம் குரலை இறக்கி, "மாமாகிட்ட என் பேரைச் சொல்ல வேணாம்னு சொல்லு. அம்மா என்கிட்டதான் இருக்காங்க, ஞாபகம் வச்சுக்க" என்றான். அம்மா அப்போது படுத்த படுக்கை.

இவர் போனில் போலிச் சிப் விஷயத்தைச் சொன்னதும், மறுநாள் டாக்டரம்மா வரச் சொல்லியிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். "என்னங்க, தம்பி பேரைச் சொல்லாதீங்க. அவன் கடைக்கு ஏதாவது ஆச்சுன்னா அம்மாவை யார் பார்த்துக்குவா? நம்மளால முடியுமா?"

சற்று நேரம் என்னையே பார்த்தார். "சரி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நானும் கூடப் போனேன். வாசலில் நின்றேன்.

"இந்தக் கேபிள் எல்லாம் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நான்தான் வாங்கினேன் டாக்டர்."

"போலின்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"ரசீது?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். நான் வாசலிலிருந்து உள்ளே போகவில்லை. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அவர் அதோடு விடவில்லை, அதுதான் அவர் புத்தி. "சிப்பு சாகலை டாக்டர். நம்பர்தான் அழிஞ்சிருக்கு. திருப்பி எழுதி, பழைய டிரைவரைப் போட்டு, அது தானா மாறாம அடைச்சிட்டா ஓடும். போலிதான், ஆனா ரிசல்ட்டு தப்பா வராது, நான் சரிபார்த்துத் தர்றேன்" என்றார். உண்மையை அப்படியே பிட்டு வைத்தார்.

"தெரிஞ்சே மறுபடியும் போலியையா போடச் சொல்றீங்க? கிளம்புங்க."

ஒரு மாதத்துக்குள் பதினான்கு லேப்களும் கைவிட்டன. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அந்த நம்பருக்கு ஏதாவது போன் வந்தால், திட்டுவதற்குத்தான்.

அடுத்த மாதம் தம்பி வந்தான். தோளில் ஒரு சாக்குப்பை. பெரிய ஆஸ்பத்திரி உட்பட லேப்களையெல்லாம் அவன் பிடித்துவிட்டானாம். "யாரோ மூணாவது மனுஷன் கொத்திக்கிட்டுப் போறதுக்கு நம்ம குடும்பத்துலயே இருக்கட்டுமேன்னுதான்" என்றான். பையைத் தரையில் கொட்டினான். நாற்பத்தொரு கேபிள். எல்லாம் எங்களுடையவை. "பழசைக் கழிச்சுக்கறேன், புதுசு போடறேன்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். மாமா, நம்பரைத் திருப்பி எழுதிக் குடுங்க. அந்த டிரைவர் வேலையையும் எனக்குக் காட்டிக் குடுங்க. உங்களுக்கு மாசாமாசம் ஏதாவது பார்த்துத் தர்றேன்."

"டாக்டரம்மாகிட்ட என்னன்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒரிஜினல்னு" என்றான் கூச்சமே இல்லாமல்.

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். ஆனால் வீட்டு வாடகை இரண்டு மாதமாக நிற்கிறது, அம்மா அவன் வீட்டில் கிடக்கிறாள். என் வீட்டுக்காரர் முதல் கேபிளை எடுத்து மாட்டினார். இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பத்தொன்றையும் எழுப்பிவிட்டார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சோதித்துப் பார்த்தார், யாருக்காகவோ.

எடுத்துப்போக வந்த தம்பி எங்கள் நம்பர் இருந்த துண்டுகளையெல்லாம் பிய்த்துக் குப்பையில் போட்டான். பிறகு என் பக்கம் திரும்பி இளித்தான். "அக்கா, உன் கையெழுத்துதான் அங்க எல்லாருக்கும் பழக்கம். அப்படியே என் நம்பரை எழுதி ஒட்டிடேன்."

உட்கார்ந்தேன். எதிரே என் வீட்டுக்காரர் கத்தரிக்கோலால் டேப்பை வெட்டிக்கொண்டிருந்தார். முதல் துண்டில் எழுதி நீட்டினேன். கேபிளில் சுற்றப்போனவர் நிறுத்தி, அதைப் படித்துப் பார்த்தார். கை பழக்கத்தில் எங்கள் நம்பரையே எழுதியிருக்கிறேன்.

"இது நம்ம நம்பரும்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. "இதை ஒட்டினா யாரும் வாங்க மாட்டாங்க. அவன் நம்பரை எழுது."

நாற்பத்தொன்றிலும் எழுதினேன். கையெழுத்து அச்சடித்த மாதிரியே இருந்தது.